சில்லறை

இரவு ஒன்று நாற்பதுக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.
முதல் பக்கத்தில் ஆறு பத்தி அகலத்துக்கு
ஓட்டை.
ஆட்டம் கோலின்றி முடிந்திருந்தது.
கோலில்லாத ஆட்டத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான்
என்றார் பக்கத்து மேசை ஃபௌஸ்தினோ,
கொட்டாவிக்கு நடுவில்.

அப்போதுதான் வந்தது படம்.

மத்தோசின்யோஸ், துறைமுகத் தெரு. கடல்மூட்டம்.
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
ஈரத்தில் கரைந்து வழிகிறது.
கீழே நேலியோ வரண்டாஸ்,
எங்கள் ஊர் அணியின் இடப்பக்கத் தடுப்பாளன்,
தலையில் தொப்பி, காலில் வீட்டுச் செருப்பு.
எதிரே ஒரு பெண்.
மனைவியில்லை.
கை கையில் இருக்கிறது.

அவ்வளவுதான் படம்.
மீதியை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

நான் பொய் எழுதியதில்லை.
இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.
கேள்விக்குறி போடுவேன்.
தூண்டில் முள்ளாக வளைந்து
அடியில் ஒரு துளி இரை வைத்த குறி.
‘நள்ளிரவில் யாருடன் வரண்டாஸ்?’
கேட்டேன். கேட்பது குற்றமா?
சில்லறை விஷயம், வழக்கு நிற்காது என்றார்
எங்கள் வழக்கறிஞரும்.

பதில் ஒன்றும் பெரிதில்லை, பிறகு தெரிந்தது.
குழந்தைக்கு முப்பத்தொன்பதரை டிகிரி காய்ச்சல்.
மருந்தை வாங்கிக்கொண்டு ஓடியவன்
மீதிப் பணத்தை மறந்துவிட்டான்.
வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டுக் கிளம்ப இருந்தவள்
பின்னால் ஓடி வந்து உள்ளங்கையில் வைத்தாள்.
ஒரு யூரோ நாற்பது.

மறுப்பும் போட்டோம். பதினேழாம் பக்கம்,
டயர் விளம்பரத்துக்குக் கீழே.
கண் நல்ல கண்ணாக இருந்தால் படிக்கலாம்.

அதற்குள் அவன் மனைவி எல்விரா
குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.
கோபத்தில் இல்லை.
வாசலில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர்
காரிலேயே தூங்கி, காரிலேயே தின்று,
குழந்தை இருமினால்கூடக் கேமராவை எடுத்தார்களாம்.
‘பிரிந்தார்களா?’ என்று போட்டேன்.
பிரிந்துதானே இருந்தார்கள், நூற்றிருபது கிலோமீட்டர்.

அடுத்த ஞாயிறு
பந்தைக் கையால் எறிய அவன் கோட்டருகே வந்தபோதெல்லாம்
மேலிருந்து காசு விழுந்தது.
முதலில் ஒன்று. பிறகு ஆலங்கட்டி.
வெளியூர்க்காரர்கள் மட்டும் எறிந்தார்கள் என்று சொல்லமாட்டேன்.
புருவத்தில் ஒன்று கீறியது.
குனிந்தான். ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்,
எண்ணுவது போலிருந்தது.
நடுவரின் கையில் கொட்டிவிட்டு
பந்தைச் சட்டையில் துடைத்து எறிந்தான்.

எண்பத்து மூன்றாம் நிமிடம்
இடப்பக்கமாக ஓடி அவன் அனுப்பிய பந்து
மூன்று பேரைத் தாண்டி, வளைந்து,
வந்து நின்றதாம் ஒருவன் நெற்றிக்கு எதிரே. கோலாம்.
அரங்கிலிருந்து ஃபௌஸ்தினோ தொலைபேசியில் கத்தினார்,
இப்படியொரு பந்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று.
அழுதார் என்றுகூட நினைக்கிறேன்.

நான் பார்க்கவில்லை.
அவன் குனிந்து காசு பொறுக்கும் படங்கள்
பதினான்கு வந்திருந்தன.
எதில் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
‘பணமுடையில் வரண்டாஸ்?’
அன்றைக்கு நாலாயிரம் பிரதி கூடுதல்.
கோல் உள்ளே, ஒன்பதாம் பக்கம், இரண்டு வரி.

நேற்றிரவு எனக்குக் கண்ணெரிச்சல்.
அந்த நேரத்தில் வேறு கடை திறந்திருக்கவில்லை.
அவளேதான் இருந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது,
என் பெயர் எங்கும் அச்சாவதில்லை.
அவள் பெயரும் இப்போது இல்லை:
அங்கியில் அட்டை குத்தியிருந்த இடத்தில்
இரண்டு ஊசித்துளை.

சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு
மீதிக்குக் கையை நீட்டினேன்.
நீட்டியபடியே நின்றேன்.
அவள் காசைக் கண்ணாடிப் பலகையில் வைத்து
ஒற்றை விரலால் தள்ளினாள்,
வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு.